எது முறை, எது நியாயம்? சில கேள்விகளும் என் பதில்களும்

சமூக உளவியலைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், அன்றாட நியாய அநியாயங்களைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வெளிப்படையாகப் பேசி முடிவு செய்ய வேண்டியதை, எதிரில் இருப்பவருக்குத் தானாகவே தெரிந்திருக்கும் என்று எண்ணி விட்டுவிடுவதுதான் இவற்றில் பல மனத்தாங்கல்களுக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

கேள்வி: நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டு வேலைகளில் சரிபாதியைத் தான் செய்வதாக அவர் உறுதியாக நம்புகிறார். எனக்கோ முக்கால் பங்கு என் தலையில் விழுவதாகத் தோன்றுகிறது. எங்களில் ஒருவர் பொய் சொல்கிறோம் என்றுதானே பொருள்?

பதில்: பெரும்பாலும் இருவருமே பொய் சொல்வதில்லை, அம்மா. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்னும் இரு உளவியலாளர்கள் தம்பதியரிடம், வீட்டுப் பொறுப்புகள் ஒவ்வொன்றிலும் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டு, 1979இல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். கணவன் சொன்னதையும் மனைவி சொன்னதையும் கூட்டிப் பார்த்தபோது, பெரும்பாலான தம்பதியருக்கு அது நூறு விழுக்காட்டைத் தாண்டியது. சண்டைக்குக் காரணமாவது போன்ற குறைகளிலும் இதே போக்கு தென்பட்டது என்பதால், இதை வெறும் தற்பெருமை என்று சொல்லிவிட முடியாது. நாம் செய்தது நம் நினைவுக்கு உடனே வருகிறது. மற்றவர் செய்தது, பல நேரங்களில் நம் கண்ணிலேயே படுவதில்லை.

இதைப் பாடமாக நடத்திய நானே வீட்டில் சோதித்துப் பார்த்தேன். ஓரிரவு நானும் என் மனைவியும் ஆளுக்கொரு துண்டுத் தாளில் எங்கள் பங்கை எழுதினோம். நான் 60 என்றும் அவர் 70 என்றும் எழுதியிருந்தோம். அவருடைய தாளின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டியலும் இருந்தது: குழந்தையின் தடுப்பூசித் தேதியை நினைவில் வைத்திருந்தது, குழாய் ஒழுகுவதைச் சரிசெய்ய ஆளைத் தேடி மூன்று முறை தொலைபேசியில் பேசியது, சிறியதாகிப்போன காலணியைக் கவனித்து அளவெடுத்தது. இவற்றில் ஒன்றைக்கூட நான் வேலையாக எண்ணியதில்லை. செய்வது மட்டுமன்று, செய்ய வேண்டியதை மனத்தில் சுமந்துகொண்டிருப்பதும் உழைப்புத்தான் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

ஆகவே விழுக்காட்டுச் சண்டையை விட்டுவிட்டு, ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு வேலையையும், அதை நினைவில் வைத்திருப்பவர் யார் என்பதோடு சேர்த்து எழுதுங்கள். பிறகு ஒரு வேலையைக் கைமாற்றும்போது அதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பையும் சேர்த்தே கைமாற்றுங்கள். இருவருமே தம் பங்கை மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்பதால் இருவரும் சமமாகச் செய்கிறார்கள் என்று ஆகிவிடாது. இந்த ஆய்வைக் காட்டி உங்கள் குறையை யாரும் தள்ளிவிட இடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அலுவலகக் கூட்டத்தில் ஒரு திட்டத்தை எல்லோரும் ஒரே குரலில் ஆதரித்தார்கள். அது தவறு என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. இது கோழைத்தனமா, ஐயா?

பதில்: அப்படி உங்களையே ஏசிக்கொள்ள வேண்டாம். 1950களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் என்னும் உளவியலாளர் நடத்திய சோதனைகளில், ஒரு கோட்டுக்கு நிகரான நீளமுள்ள கோடு எது என்று ஒரு குழுவினரிடம் கேட்டார்கள். குழுவில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆய்வாளரின் ஆட்கள். முன்பே பேசி வைத்துக்கொண்டு, பல சுற்றுகளில் ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். விடை கண்ணெதிரே தெளிவாக இருந்தும், அந்தச் சுற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தன. மனிதன் மந்தை ஆடு என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்களை நான் ஏற்பதில்லை, ஏனெனில் எஞ்சிய பதில்கள் அத்தனை நெருக்கடியிலும் தனித்து நின்றன. ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஒருமுறைகூட வளைந்து கொடுக்கவில்லை.

உங்களுக்குப் பயன்படக்கூடிய செய்தி இனிமேல்தான் வருகிறது. குழுவில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, கூட்டத்தின் பக்கம் சாய்வது வெகுவாகக் குறைந்தது. விடையை உரக்கச் சொல்லாமல் எழுதித் தரச் சொன்னபோதும் அது குறைந்தது. எனவே அடுத்த கூட்டத்துக்கு முன்பே, உங்களைப் போல ஐயப்படும் ஒருவரைத் தனியே சந்தித்துப் பேசுங்கள். பேச்சு தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தம் கருத்தை இரண்டு வரியில் எழுதித் தரலாம் என்றும் கேட்டுப் பாருங்கள். அன்று தலையாட்டியவர்களில் எத்தனை பேர் உங்களைப் போலவே மனத்துக்குள் மறுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போது தெரியவரும்.

கேள்வி: வரிசையில் ஒருவர் எனக்கு முன்னால் இடையில் நுழைந்தால் நான் பேச வேண்டுமா, எனக்குப் பின்னால் நிற்பவர்கள் பேச வேண்டுமா?

பதில்: நீங்கள்தான் பேச வேண்டும். இடையில் நுழைபவரைத் தடுப்பவர் பெரும்பாலும் அவருக்கு நேர்ப் பின்னால் நிற்பவரே என்பதை உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் குழுவினர் 1986இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அந்த இடத்தில் நிற்பவர் பேசாமல் இருந்துவிட்டால், அவர் இடம் கொடுத்துவிட்டார் என்றே பின்னால் நிற்பவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். “வரிசை அங்கே முடிகிறது” என்று இயல்பான குரலில் சொன்னால் போதும்.

கேள்வி: நாங்கள் நடத்தும் வாராந்திர வகுப்புக்குப் பலர் தாமதமாக வருகிறார்கள். அபராதம் விதித்தால் சரியாகிவிடும் அல்லவா?

பதில்: அவசரப்பட வேண்டாம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் யூரி நீசி, ஆல்டோ ரஸ்டிச்சினி ஆகிய பொருளியலாளர்கள் இருவர் செய்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. குழந்தையை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் சிறு அபராதம் விதித்தபோது, தாமதம் குறையாமல் ஏறத்தாழ இரு மடங்கானது. பிறகு அபராதத்தை எடுத்துவிட்டபோதும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே என்று அதுவரை இருந்த கூச்சம், பணம் கட்டியதும் போய்விட்டது என்பதே என் புரிதல். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், அதனால் எது கெடுகிறது என்பதை முதலில் வகுப்பில் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகன் எல்லாத் தேர்வுக்கும் ஒரே பழைய பேனாவைத்தான் கொண்டுபோகிறான். இந்த நம்பிக்கையைக் களைய வேண்டுமா?

பதில்: தேவையில்லை. அவன் படிப்பைக் கைவிடாதவரை, அந்தப் பேனா அவனுக்குத் தரும் அமைதியைப் பறிக்க நான் துணியமாட்டேன். அது தொலைந்துபோகும் நாளில் மட்டும் அவன் அருகில் இருங்கள்.

கேள்வி: உடன்பிறந்தவர்கள் நாங்கள் மூவர். எங்கள் தாயாரைப் பத்து ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவருடைய வீட்டை மூவருக்கும் சமமாகப் பிரிப்பது நியாயமாகுமா?

பதில்: பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2009இல் வெளியிட்ட நூலில், ஒரு புல்லாங்குழலுக்காக வாதிடும் மூன்று குழந்தைகளைக் காட்டுகிறார். ஒரு குழந்தைக்குத்தான் அதை வாசிக்கத் தெரியும். இன்னொன்றுக்கு விளையாட வேறு பொருளே இல்லை. மூன்றாவது குழந்தை அதைத் தன் கையால் செய்தது. மூன்று உரிமைக்கும் உண்மையான காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான்: நீங்கள் உழைப்பைச் சொல்வீர்கள், வருமானம் குறைந்தவர் தேவையைச் சொல்வார், மற்றவர் பிறப்பால் வந்த சம உரிமையைச் சொல்வார். என் மனம் உங்கள் பக்கம் சாய்கிறது, ஏனெனில் அந்தப் பத்து ஆண்டுகளில் மற்ற இருவருக்கும் கிடைத்த நேரமும் வேலை வாய்ப்பும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கை நீங்கள் அவர்களிடம் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாமல் இருந்தால், நீங்கள் மனமுவந்து செய்வதாகவே அவர்கள் இத்தனை காலமும் எண்ணியிருப்பார்கள். வீடு உங்கள் தாயாருடையது. அவர் தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே, மூவரும் ஒன்றாக அமர்ந்து அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள்.