இரைச்சலிசை: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கடந்த இதழில் 'ஹார்ஷ் நொய்ஸ்' எனப்படும் கடும் இரைச்சலிசை பற்றி எழுதியிருந்தோம். மெட்டும் தாளமும் இல்லாமல், உடைத்துப் பிளந்த ஒலியையே அடுக்கிக் கட்டும் இசை அது. வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம்.

இதை வைத்துச் சீவிக்க ஏலுமா? 'உது என்ன தொழில்' என்று வீட்டில் கேட்கினம்.
– வாசகர், கிளிநொச்சி

இரைச்சலை மட்டும் நம்பி ஏலாது. உலகத்தில் எங்கும் அப்படிச் சீவிப்பவர்கள் மிகச் சிலரே. 1979இல் தோக்கியோவில் மெர்ஸ்போ என்ற பெயரில் தொடங்கிய மசாமி அகிதா இத்துறையின் ஆகப் பெரிய பெயர். 2000ஆம் ஆண்டில் அவருடைய பதிவுகள் 50 இறுவட்டுகள் கொண்ட ஒரே பெட்டியாக வந்தன. அவரும் ஆரம்பத்தில் கசெற்றுகளைத் தபாலில் அனுப்பித்தான் கேட்போரைத் தேடிக்கொண்டார்.

இன்றும் வழி அதுதான். 20, 30 கசெற் போடுங்கள். பாதியை விற்று, மீதியை வேறு நாட்டுக்காரரின் கசெற்றுகளுக்கு மாற்றுங்கள். அப்படி வந்த உறையில் இருக்கும் விலாசம்தான் உங்கள் அடுத்த வெளியீட்டாளரின் விலாசமாக இருக்கக்கூடும். அதன்பின் 'ஸ்பிளிற்' செய்யலாம்: ஒரு பக்கம் நீங்கள், மறுபக்கம் இன்னொருவர், செலவு பாதிப் பாதி. சிறு வெளியீட்டாளர்கள் பெரும்பாலும் காசு தருவதில்லை, சில பிரதிகள் தருவார்கள். இசைஞர்கள் தாங்களே பதிவுகளை விற்கும் பாண்ட்காம்ப் இணையத்தளம் டிஜிற்றல் விற்பனையில் 15 வீதம் எடுக்கும். பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி பேபாலில் வரும். இலங்கையில் பேபால் மூலம் காசு பெறும் வசதி பல ஆண்டுகளாக இருக்கவில்லை. ஆகவே முதலில் வங்கியில் விசாரியுங்கள்.

சோற்றுக்கு சவுண்ட்ஸ் வேலை பழகுங்கள். திருவிழா, கலியாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று வன்னியில் ஒலிபெருக்கி கட்டுபவருக்கு வேலை உண்டு. சோல்டர் பிடிப்பதும் மிக்ஸர் தெரிவதும் இரண்டு தொழிலுக்கும் ஒரே கைதான்.

பஸ்ஸரில் இருந்து கழற்றிய பீசோ தகட்டை (அதிர்வை மின்சாரமாக்கும் தகடு) தகரத்தில் ஒட்டி, மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் கொடுத்தேன். 'கீச்' என்று மெலிந்த சத்தம் மட்டும் வருகிறது, கூடவே ஒரே உறுமல். தகடு பழுதா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

தகட்டில் பழுதில்லை, கொடுத்த இடம்தான் பிழை. 27 மில்லிமீற்றர் பீசோ ஏறக்குறைய 20 நானோபரட் கொள்ளளவு கொண்டது. லைன் உள்ளீட்டின் தடை 10 கிலோஓம் அளவில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் 800 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி குறைந்துகொண்டே போகும். தகரத்தின் முழக்கம் முழுக்க அதற்குக் கீழேதான் இருக்கிறது! அதே தகட்டை 1 மெகாஓம் உள்ளீட்டில் கொடுத்தால் அந்த எல்லை 8 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கிற்றார் பெடல்களின் உள்ளீடு பெரும்பாலும் 500 கிலோஓம் முதல் 1 மெகாஓம் வரை. ஆகவே தகட்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவில், ஒலியை உடைக்கும் டிஸ்ரோர்ஷன் பெடல் ஒன்று வைத்தாலே போதும்.

பெடல் இல்லையென்றால் டிஎல்071 ஐசி ஒன்றும் 9 வோல்ற் பற்றரியும் வாங்குங்கள். 7ஆம் காலுக்கு 9 வோல்ற், 4ஆம் காலுக்கு மறை முனை. இரண்டு 10 கிலோஓம் தடைகளைத் தொடராகப் போட்டு நடுவில் 4.5 வோல்ற் எடுத்து, அந்தப் புள்ளியை 47 மைக்ரோபரட் மின்தேக்கியால் மறை முனையோடு இணையுங்கள். அங்கிருந்து 1 மெகாஓம் தடை ஒன்று 3ஆம் காலுக்குப் போக வேண்டும். பீசோவின் சிவப்பு வயர் 10 கிலோஓம் தடையும் 0.1 மைக்ரோபரட் மின்தேக்கியும் ஊடாக அதே 3ஆம் காலுக்கு வரும். 6ஆம் காலையும் 2ஆம் காலையும் ஒன்றாக இணைத்து, 6இல் இருந்து 10 மைக்ரோபரட் ஊடாக வெளியே எடுங்கள். பீசோ வயரில் வரும் அந்த 10 கிலோஓமை வேண்டாம் என்று விடாதீர்கள். சுத்தியலால் தகரத்தை ஓங்கி அடித்தால் பீசோவில் பல பத்து வோல்ற் பிறக்கும், ஐசி செத்துப்போகும்.

உறுமல் 50 ஹேர்ட்ஸ் வீட்டுக் கறண்டின் உறுமல். சாதாரண இரட்டை வயரை விட்டுவிட்டு, வலை சுற்றிய மைக் வயர் போடுங்கள், 2 மீற்றருக்கு மேல் வேண்டாம். வலை பித்தளை விளிம்புக்கு, உள்வயர் நடு வெள்ளைப் பகுதிக்கு. வெள்ளைப் பகுதியில் சோல்டர் இரும்பை 2 செக்கனுக்கு மேல் வைத்தால் வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும். முடிந்ததும் நகப்பூச்சு தடவி, சூட்டுப் பசையால் மூடுங்கள்.

மைக்கே இல்லாமல், மிக்ஸரின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே கொடுத்து அதைக் கூவ வைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். செய்தேன், நன்றாக வந்தது. ஆனால் வாடகைப் பொக்ஸின் ருவீற்றர் (கீச்சொலிக்கான சிறு ஸ்பீக்கர்) எரிந்துவிட்டது. அம்ப் 300 வாட், பொக்ஸும் 300 வாட். ஏன்?
– வாசகர், மாங்குளம்

பாட்டில் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையே 12 டெசிபெல்லாவது இருக்கும். உச்சம் 300 வாட் தொட்டாலும் ஸ்பீக்கர் சுருளில் சராசரியாக ஓடுவது 20 வாட்டுக்குள்தான். உடைத்த இரைச்சலில் அந்த இடைவெளி 3 டெசிபெல்லுக்கு வந்துவிடும், சராசரி 150 வாட். ருவீற்றரின் மெல்லிய சுருள் அந்தச் சூட்டைத் தாங்காது. மிக்ஸர் சுழற்சியில் காதுக்கு எட்டாத கீச்சும் பிறக்கும். கேட்காததால் கூட்டிக்கொண்டே போவோம்.

பாட்டுக்கு வைக்கும் மட்டத்தில் இருந்து 9 டெசிபெல் குறைத்து வையுங்கள். 12 கிலோஹேர்ட்ஸுக்கு மேலும் 40 ஹேர்ட்ஸுக்குக் கீழும் ஈக்குவலைசரில் வெட்டுங்கள். மாஸ்ரரை மூடி வைத்து, ஓக்ஸ் எனும் துணை வெளியீட்டை 1ஆம் சனலின் லைன் உள்ளீட்டில் கொடுத்து, அந்தச் சனலின் ஓக்ஸ் குமிழை மெதுவாகத் திறந்து, ஒலியை முதலில் ஹெட்போனில் பிடியுங்கள். ஹெட்போன் கழுத்தில் இருக்கட்டும், காதில் வேண்டாம். ஓக்ஸ் வெளியீட்டை மைக் துளையில் கொடுப்பதாக இருந்தால் மிக்ஸர் மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ற் ஃபாண்டம் மின்சாரம் அணைந்திருக்க வேண்டும். அம்பைக் கடைசியில் போட்டு, முதலில் அணையுங்கள்.

ஜப்பானின் தோஷிமாரு நகமுரா இந்த முறையை மட்டும் வைத்தே பெயர் எடுத்தவர். ஒரு குமிழை அரைக்கால் திருப்பினால் என்ன நடக்கும் என்று உங்கள் மிக்ஸரை மனப்பாடம் செய்வதுதான் இதில் சாதகம். புதுச் சாமான் வாங்குவதைவிட அதற்கு நேரம் கொடுங்கள்.

கசெற்றா, எம்பி3யா?
– வாசகர், வவுனியா

இரண்டும். கசெற் என்றால் சி-30 போதும், பக்கத்துக்கு 15 நிமிடம். டொல்பி எனும் இரைச்சல் குறைப்பை அணைத்து, ஹெட்டை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்துவிட்டுப் பதியுங்கள். எம்பி3 இரைச்சலுக்குப் பகை. 128 கிலோபிற்றில் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் குழைந்துவிடும். 320 வையுங்கள். மூலத்தை எப்போதும் வேவ் கோப்பாக வைத்திருங்கள், நிமிடத்துக்கு 10 மெகாபைற் பிடிக்கும்.

ஊரில் ஒரு நிகழ்ச்சி செய்ய ஆசை. காணியில் கிடக்கும் இரும்புகளைப் பொறுக்கி அடித்து வாசிக்கலாம் என்று இருக்கிறோம்.
– வாசகர்கள் மூவர், முல்லைத்தீவு

காணியில் கிடக்கும் இரும்பைத் தொடவே வேண்டாம். வன்னி மண்ணில் வெடிக்காத பொருட்கள் இன்னும் இருக்கின்றன. சந்தேகமான எதையும் கண்டால் அசைக்காமல், வந்த தடத்திலேயே திரும்பிப் போய்ப் பொலிசுக்கு அறிவியுங்கள். வாசிக்க உழவு மெசினின் பழைய ஸ்பிரிங் பட்டை, கூரைத் தகரம் போதும். கடையில் கண்ணால் பார்த்து, இன்னது என்று தெரிந்ததை மட்டும் வாங்குங்கள். மூடிய உருளை எதுவும் வேண்டாம்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அனுமதி வழங்கக் கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே மாலை 5 மணிக்குத் தொடங்குங்கள்.

85 டெசிபெல்லில் 8 மணித்தியாலம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100இல் 15 நிமிடம்தான். ஆகவே 15 நிமிடத்துக்கு மேல் வாசிக்காதீர்கள், வாசலில் ஸ்பொஞ்ச் காதடைப்பான் கொடுங்கள். அதை உருட்டி மெல்லியதாக்கி, மறு கையால் காதை மேலே இழுத்து உள்ளே விட்டு, 30 செக்கன் பிடித்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறோம். உங்கள் அயலில் 2009ஐ உடம்பால் கடந்தவர்கள் இருக்கிறார்கள். சட்டென்று வெடிக்கும் ஒலியும், மேலிருந்து இறங்கும் இரைச்சலும் அவர்களுக்கு இசையாக இராது. இரண்டு நாள் முன்பே வீடுவீடாகப் போய் நேரத்தைச் சொல்லுங்கள். ஒலியைப் பூச்சியத்தில் இருந்து ஒரு நிமிடம் எடுத்து மெல்ல ஏற்றுங்கள், அதேபோல் இறக்குங்கள். நடுவில் திடீர் வெட்டு வேண்டாம். ஒருவர் வாசலருகே நின்று, எழுந்து போகிறவருடன் கூடப் போகட்டும். அந்த ஆள் வாசிக்கும் மூவரில் ஒருவராக இருக்கக் கூடாது.