புல்லட்டின் 90 மி.மீ. ஸ்ட்ரோக் – கேள்வி பதில்

கேள்வி (திருநெல்வேலி): புல்லட் சென்னையில் பிறந்த வண்டி என்று அப்பாவும், இங்கிலாந்து வண்டி என்று மாமாவும் வாதிடுகிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: மாமா சொல்வதே சரி, ஆனால் அப்பாவின் பக்கமும் நியாயம் உண்டு. ‘புல்லட்’ என்ற பெயரை 1930-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் சூட்டியது. பின்சக்கரத்தை ஸ்விங் ஆர்மும் இரண்டு ஷாக் அப்சார்பர்களும் தாங்கும், நமக்குப் பழக்கமான உருவம் 1940-களின் இறுதியில் வந்தது. எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் இந்த வண்டியை விரும்பியதால், மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டிக்கொண்டிருந்த சென்னை திருவொற்றியூர் ஆலை, சில ஆண்டுகளில் முழு வண்டியையும் தானே செய்யத் தொடங்கியது. இங்கிலாந்து நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் மறைந்த பிறகும் புல்லட் இங்கே நிற்காமல் உருவாகிக்கொண்டிருந்தது. பிறந்த ஊர் ரெட்டிச், வாழ்ந்த ஊர் திருவொற்றியூர்.

கேள்வி (கோவை): சி.ஐ., ஏ.வி.எல்., யூ.சி.இ., ஜே என்று மெக்கானிக்குகள் சொல்வது விளங்கவில்லை அண்ணா.

பதில்: நான்கும் புல்லட் எஞ்சினின் தலைமுறைகள். ஜே பற்றிக் கடைசிப் பதிலில் சொல்கிறேன். சி.ஐ. என்பது காஸ்ட் அயர்ன். சிலிண்டர் வார்ப்பிரும்பு, எஞ்சினும் கியர் பாக்ஸும் தனித்தனி உறைகள். எஞ்சின், கியர் பாக்ஸ், கிளட்ச் பக்கத்துச் செயின் உறை என்று மூன்று இடங்களில் தனித்தனியாக எண்ணெய் பார்க்க வேண்டும். ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் உதவியுடன் 2000-ஐ ஒட்டி வந்த அலுமினிய எஞ்சின், மச்சிஸ்மோ, தண்டர்பேர்டு ஆகிய உறவுக்கார வண்டிகளில்தான் பெரிதும் ஓடியது. அடுத்து வந்த யூ.சி.இ. (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் எஞ்சின்), எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஒரே உறைக்குள் கொண்டுவந்தது. வால்வை இயக்கும் டேப்பெட்டும் எண்ணெய் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் வகை ஆனதால், மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி, வால்வைத் தள்ளும் தண்டான புஷ் ராடைத் திருகிப் பார்க்கும் வேலை ஒழிந்தது.

இந்த மூன்று தலைமுறைகளிலும் 350 வண்டியின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. என்ற அளவு மட்டும் அசையவில்லை, 346 சி.சி. என்ற கணக்கு அதிலிருந்துதான் வருகிறது. பிஸ்டன் குறுகலான சிலிண்டரில் நெடுந்தூரம் ஏறி இறங்குவதும், அதோடு கனமான ஃப்ளைவீல் சுழல்வதும் சேர்ந்துதான், ஒவ்வொரு வெடிப்பையும் காது தனித்தனியாக எண்ணக்கூடிய அந்த நிதானமான ‘டுப் டுப்’ ஓசையையும், குறைந்த வேகத்திலேயே மேட்டில் இழுக்கும் பலத்தையும் தந்தன. என் கணிப்பில் புல்லட் என்பது இந்த அளவுதான். டேங்கும் முகப்பும் அதற்குப் பிறகே வரும்.

கேள்வி (விழுப்புரம்): தாத்தாவின் பழைய வண்டியை உதைத்தால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது. என்ன செய்வது ஐயா?

பதில்: முரட்டுத்தனமாக உதைக்காதீர்கள். சாவியைத் திருப்பிவிட்டு, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஹெட்லைட் உறையின் மேலுள்ள, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரைப் பாருங்கள். இறுக்கம் தட்டும் இடத்தில் முள் நடுவுக்கு வந்தால், தீப்பொறியைத் தூண்டும் பாயிண்ட் திறந்துவிட்டது என்று பொருள். இப்போது சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும், இடக்கைப் பக்கத்து டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்தபடி கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, பிஸ்டன் உச்சியைத் தாண்டியதும் டிகம்ப்ரஸரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராக அடிவரை மிதியுங்கள். அப்போதும் திருப்பி அடித்தால் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், முந்தியிருக்கிறது. அதை மெக்கானிக்கிடம் சரிசெய்த பிறகே மறுபடி மிதிக்க வேண்டும்.

கேள்வி (மதுரை): கியர் ஏன் வலப்பக்கம் இருந்தது?

பதில்: பழைய பிரிட்டிஷ் வழக்கம். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. குதிகாலால் தட்டினால் நியூட்ரலுக்கு வரும் தனி லீவர் ஒன்றும் இருந்தது. அது போனதில் எனக்கு வருத்தமே. மற்ற வண்டிகளோடு ஒத்துப்போக, ஐந்து கியருடன் இடப்பக்கம் மாற்றினார்கள்.

கேள்வி (சேலம்): 2023-இல் வந்த புதிய புல்லட்டை வாங்கலாமா? அது உண்மையான புல்லட்தானா?

பதில்: செப்டம்பர் 2023-இல் வந்தது ஜே எஞ்சின்: போர் 72, ஸ்ட்ரோக் 85.8 மி.மீ., 349 சி.சி., சுமார் 20 குதிரைத்திறன். புஷ் ராடு போய், வால்வைத் திறக்கும் கேம் சிலிண்டருக்கு மேலே ஏறியது; எதிரெடையாகச் சுழலும் பேலன்சர் தண்டு வந்ததால் கைப்பிடி அதிர்வு பெருமளவு அடங்கியது. ஹெட்லைட்டின் இருபுறமும் உள்ள சிறு டைகர் விளக்குகள் அப்படியே இருக்கின்றன. தினமும் அலுவலகம் போய்வரவும் நெடுஞ்சாலையில் ஓட்டவும் இதைத் தயங்காமல் வாங்குங்கள். பிரேக்கும் ஃபிரேமும் பழையதை விட மிகவும் மேல். ஆனால் அந்த 90 மி.மீ. ஓசைக்காகத்தான் ஆசைப்படுகிறீர்கள் என்றால், நன்றாகப் பராமரித்த சி.ஐ. வண்டியையோ யூ.சி.இ. வண்டியையோ தேடுங்கள், வாங்குமுன் எஞ்சின் சூடான பிறகு கால்மணி நேரம் நிறுத்திவைத்து, அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பாருங்கள்.