திறந்த எலும்பு முறிவில் ஆன்டிபயாடிக் மட்டும் போதாதா?

விபத்தில் கால் எலும்பு உடைந்து, அந்த இடத்தில் தோலும் கிழிந்து உள்ளே வழி திறந்துவிட்டால் அதுதான் திறந்த முறிவு. ஊசிதான் போட்டாச்சே, அப்புறம் எதற்குச் சதையை வெட்டிக் கழுவுகிறார்கள் என்று பலரும் கேட்கிறார்கள்.

மருந்து ரத்தத்தோடுதான் போகும். வாய்க்கால் உடைந்த வயலுக்கு மதகை எவ்வளவு திறந்தாலும் தண்ணீர் பாயாது இல்லையா, அதே மாதிரி நசுங்கிச் செத்த சதைக்குள் ரத்தமும் போகாது, மருந்தும் போகாது, கிருமிகள் மட்டும் அங்கே பெருகும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள், தோலுக்கு அடியில் நேராக எலும்புதான். அதனால்தான் அங்கே ஆபத்து அதிகம்.

ஆன்டிபயாடிக்கை 1 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது, தேவைப்பட்டால் டெட்டனஸ் ஊசியும். பிறகு செத்த சதை, மண், துணித் துணுக்கு எல்லாவற்றையும் எடுத்து, லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவுவார்கள். சோப்புத் தண்ணீர் இன்னும் நல்லது என்று தோன்றும், ஆனால் 2015இல் வெளியான பெரிய ஆய்வில் சோப்பால் கழுவியவர்களுக்குத்தான் மறு ஆபரேஷன் அதிகம் தேவைப்பட்டது. எலும்பை அசையாமல் கம்பியால் நிறுத்தி, சில நாட்களுக்குள் நல்ல சதையால் மூடுவார்கள்.

உடனே தையல் போடவில்லை என்றால் அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள், அழுக்கையும் செத்த சதையையும் உள்ளே வைத்துத் தைத்துவிடக் கூடாது என்றுதான் சில காயங்களைத் திறந்தே வைக்கிறார்கள்.