டப்ளினில் பிறந்தநாள் வார இறுதி: பப் பயணக் கேள்விகளும் பதில்களும்

நண்பர்களோடு வெள்ளி மாலை டப்ளினில் இறங்கி ஞாயிறு இரவு திரும்பும் பயணத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக் கேள்விகள் டெம்பிள் பாரைப் பற்றியவை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

க்ராய்டன் வாசகி: தோழியின் முப்பதாவது பிறந்தநாளுக்கு ஏழு பேர் வருகிறோம். டெம்பிள் பாரிலேயே அறை எடுத்துவிட்டால் அலைச்சல் மிச்சம்தானே?

அலைச்சல் மிச்சம், தூக்கம் நஷ்டம். டெம்பிள் பார் என்பது ஒரு பப்பின் பெயர் மட்டுமல்ல. லிஃபி ஆற்றின் தென்கரையில் உள்ள ஒரு பகுதி முழுவதற்கும் அதுதான் பெயர். கல் பாவிய தெருக்கள், வாசலுக்கு வாசல் பாட்டு, விடிய விடியக் கூச்சல். பத்து நிமிடம் நடந்தால் கிடைக்கும் அதே பானத்துக்கு இங்கே கணிசமாகக் கூடுதலாக அழ வேண்டும். உள்ளூர்க்காரர்களைத் தேடினால் மேசைக்குப் பின்னால் நின்று ஊற்றிக் கொடுப்பவர்கள்தான் கிடைப்பார்கள். அவர்களும் பெரும்பாலும் வேறு நாட்டவர்கள். பகலில் ஒரு முறை போய், சிவப்புச் சுவர் பப்பின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, 1816இல் கட்டிய ஹேப்பனி பாலத்தைக் கடந்து வடகரைக்கு வந்துவிடுங்கள்.

தங்குவதற்கு ஸ்மித்ஃபீல்ட் அல்லது கேம்டன் தெருப் பக்கம் பாருங்கள். எந்த இடமானாலும், தேதியை முடிவு செய்யும் முன் விளையாட்டு, இசை நிகழ்ச்சி அட்டவணைகளைப் பார்த்துவிடுங்கள். க்ரோக் பார்க் அரங்கத்தில் மட்டும் எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அங்கே பெரிய நிகழ்ச்சி நடக்கும் வாரத்தில் அறை வாடகை எங்கே போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

லெஸ்டர் வாசகர்: எங்களில் இருவர் இந்தியப் பாஸ்போர்ட், ஒருவர் இலங்கைப் பாஸ்போர்ட். மூவரும் பிரிட்டனில் வேலை விசாவில் இருக்கிறோம். பக்கத்து நாடுதானே, அப்படியே போய்விடலாமா?

முடியாது. நீங்கள் மூவரும் அயர்லாந்து விசா எடுத்தாக வேண்டும். பிரிட்டனின் வேலை விசாவோ மாணவர் விசாவோ அங்கே செல்லாது. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் ஏற்பாட்டில் அயர்லாந்து இல்லை என்பதால் ஷெங்கன் விசாவும் உதவாது. பிரிட்டிஷ் குடிமக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் கலவையான கூட்டங்களில் டிக்கெட் போட்டு முடித்த பிறகு யாருக்காவது தலைவலி தொடங்குகிறது.

விசாவுக்கு நேரம் இல்லையென்றால் பெல்ஃபாஸ்ட் போங்கள். வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி, நாணயமும் பவுண்டு, உங்கள் பிரிட்டன் விசாவே போதும். லண்டனிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. கிரேட் விக்டோரியா தெருவில் உள்ள கிரவுன் லிக்கர் சலூன், பாரம்பரியச் சொத்துகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குச் சொந்தமான பப். வண்ண ஓடுகள், எரிவாயு விளக்குகள், கதவு போட்ட பத்துத் தடுப்பறைகள். ஆளை அழைக்க அந்த அறைகளில் மணி வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. பிறந்தநாளுக்கு அப்படி ஓர் அறை கிடைத்தால் டப்ளினை நினைத்து ஏங்க மாட்டீர்கள். ஆனால் அங்கிருந்து ரயிலேறி டப்ளினுக்கு ஒரு நடை போய் வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எல்லையில் சாவடி இல்லை என்பதால் சட்டமும் இல்லை என்று ஆகிவிடாது.

பர்மிங்காம் வாசகி: விமான நிலையத்திலிருந்து நகருக்குள் எப்படி வருவது?

ரயில் கிடையாது. பஸ் அல்லது டாக்சிதான். சாதாரண நகரப் பேருந்தில் சில்லறை சரியாகப் போட வேண்டும், மீதி தர மாட்டார்கள். நிலையக் கடையிலேயே லீப் அட்டை வாங்கிவிட்டால் பஸ், டிராம், டார்ட் ரயில் மூன்றுக்கும் ஆகும். விரைவுப் பேருந்துகளுக்குத் தனி டிக்கெட்.

ஹாரோ வாசகர்: எந்தெந்த பப்களுக்குப் போக வேண்டும்? பத்துப் பெயராவது சொல்லுங்கள். பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக முடிக்கப் போகிறோம்.

பத்துப் பெயர் தர மாட்டேன். ஓர் இரவுக்கு இரண்டு பப் போதும். மூன்றாவதற்குக் கிளம்பும்போது கூட்டத்தில் ஒருவர் கழிப்பறையில் இருப்பார், ஒருவர் மேலங்கியைத் தேடுவார், பிறந்தநாள்காரர் தெருமுனையில் யாரிடமோ கதை பேசிக்கொண்டிருப்பார். இங்குள்ள பப்பின் சுகமே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நகராமல் இருப்பதில்தான்.

வெள்ளி மாலைக்குத் தென்பக்கம். சவுத் வில்லியம் தெருவில் க்ரோகன்ஸ்: பாட்டு இல்லை, தொலைக்காட்சி இல்லை, பேச்சு மட்டும்தான். சுவரில் தொங்கும் ஓவியங்கள் விற்பனைக்கு. சூடான சாண்ட்விச்தான் சாப்பாடு. ஐந்து மணிக்கே போனால் இடம் கிடைக்கும். ஏழுக்குப் போனால் தெருவில் நிற்பீர்கள், அதுவும் மோசமில்லை. அங்கிருந்து சவுத் ஆன் தெருவின் கீயோஸ் பக்கம்தான். மாடியில் அதை நடத்திய குடும்பம் வாழ்ந்த பழைய அறைகளிலேயே உட்காரலாம். கொஞ்சம் ஜொலிப்பு வேண்டுமென்றால் சவுத் கிரேட் ஜார்ஜஸ் தெருவில் லாங் ஹால்: விக்டோரியா காலத்துக் கண்ணாடிகள், செதுக்கிய மரம், சிவப்பு விரிப்பு.

சனிக்கிழமை பகலுக்கு என் விருப்பம் கிளாஸ்நெவின். 1832இல் திறந்த பெரிய கல்லறைத் தோட்டம் அது. அதன் பழைய வாசலை ஒட்டி 1833 முதல் நடக்கும் ஜான் கவனாவின் பப்பை ஊரார் 'கிரேவ்டிக்கர்ஸ்' என்பார்கள். குழி வெட்டுபவர்கள் வேலை முடிந்து வந்து குடித்த இடம். இங்கும் இசை கிடையாது. மரப்பலகைகள் தேய்ந்து கிடக்கின்றன, யாரும் புதுப்பிக்கவில்லை, அதற்காகவே போக வேண்டும். டேனியல் ஓ'கானெல், மைக்கேல் காலின்ஸ் போன்ற தேசியத் தலைவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் உறங்குகிறார்கள். கல்லறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு பப்புக்குள் நுழையுங்கள். வரிசையை மாற்றினால் கல்லறை ஞாபகத்தில் நிற்காது.

சனி இரவு ஸ்மித்ஃபீல்டில் கோபிள்ஸ்டோன். நாட்டுப்புற இசைக்காகவே வாழும் இடம். 2021இல் அந்தக் கட்டடத்தைச் சுற்றி ஹோட்டல் கட்டத் திட்டம் வந்தபோது இசைக்கலைஞர்களும் ஊர்மக்களும் தெருவில் இறங்கினார்கள். மாநகராட்சி அனுமதி மறுத்துவிட்டது.

மில்டன் கீன்ஸ் வாசகர்: அங்கே இசைக் கலைஞர்களிடம் பிறந்தநாள் பாட்டு வாசிக்கச் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். மேடைக் கச்சேரி வேறு, 'செஷன்' வேறு. செஷன் என்பது ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஃபிடில், புல்லாங்குழல், இல்லியன் பைப் என்னும் காற்றுப்பை வாத்தியம், போரான் என்னும் கைப்பறை ஆகியவற்றைத் தங்களுக்காகவே வாசிப்பவர்களின் கூட்டம். நீங்கள் காது கொடுக்கலாம், அவ்வளவுதான். அவர்கள் மேசையில் காலி நாற்காலி இருந்தாலும் உட்காராதீர்கள். வாத்தியத்தோடு யாரோ வரப்போகிறார். ஒருவர் தனியாகக் குரலெடுத்துப் பாடத் தொடங்கினால் பப் முழுவதும் அடங்கும், நீங்களும் அடங்குங்கள். இடைவேளையில் அவர்களுக்கு ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தால் மகிழ்வார்கள். அப்போது இன்று யாருக்குப் பிறந்தநாள் என்று சொல்லி வையுங்கள். அதன் பிறகு நடப்பது அவர்கள் விருப்பம்.

ரெடிங் வாசகர்: பன்னிரண்டு ஆண்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சட்டை அடித்திருக்கிறோம்.

சட்டையைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். கல்யாணத்துக்கு முந்திய குடிக்கூட்டங்களைப் பல பப்கள் வாசலிலேயே நிறுத்திவிடும். ஒரே சட்டையில் பன்னிரண்டு ஆண்கள் வந்தால் அது பிறந்தநாள் என்று சொல்லி நம்பவைக்கவே அரை மணி நேரம் ஆகும். மூன்று நான்கு பேராகப் பிரிந்து போங்கள். சாப்பாடு தரும் பப்களில் முன்பதிவு செய்யலாம். மற்ற இடங்களில் முன்னால் போனவருக்கு நாற்காலி. கேக் கொண்டுவருவதாக இருந்தால் முதல்நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் கத்தியும் தட்டும் அவர்களே தருவார்கள். பலூன் வேண்டாம், இது என் சொந்த வெறுப்பு.

ஈலிங் வாசகி: நான் குடிப்பதில்லை. எல்லோரும் சுற்று சுற்றாக வாங்குவார்களாமே, என் பாடு என்ன?

நல்ல கேள்வி. கூட்டத்தில் ஒருவர் எழுந்து எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை அடுத்தவர். தன் முறை வரும்போது நழுவுபவரைப் பற்றி இந்த ஊர் பல வருடம் பேசும். நீங்கள் எலுமிச்சை சோடா குடித்தாலும் சுற்றுக்குள் இருந்தால் எல்லோருக்கும் வாங்க வேண்டியிருக்கும், அது உங்களுக்கு நட்டம். ஆகவே முதலிலேயே சிரித்துக்கொண்டு, "என்னைச் சுற்றில் சேர்க்காதீர்கள், என்னுடையதை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏழு பேர் இருந்தால் குடிப்பவர்களும் இரண்டு மூன்று சிறு சுற்றுகளாகப் பிரிந்துகொள்வதே நல்லது. இல்லாவிட்டால் கணக்கு நேராவதற்கு ஆளுக்கு ஏழு பைண்ட் குடித்தாக வேண்டும். ஒரு பைண்ட் 568 மில்லி. பெருக்கிப் பாருங்கள்.

இந்த ஊரின் கறுப்பு பீரான கின்னஸில் மது இல்லாத 0.0 வகை இப்போது பல பப்களில் கிடைக்கிறது. கையில் கறுப்புக் கோப்பை இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஸ்லவ் வாசகர்: கின்னஸை ஏன் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்? மறந்துவிட்டார்களோ என்று கூப்பிட்டேன், முறைத்தார்.

முறைக்காமல் என்ன செய்வார்? கோப்பையைச் சாய்த்து முக்கால் பங்கு ஊற்றி, நுரை படியும் வரை வைத்து, பிறகு நிமிர்த்தி நிரப்புவார்கள். இதற்கு 119.5 விநாடி என்று நிறுவனம் விளம்பரம் செய்கிறது; கூட்ட நேரத்தில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. பெரும்பாலான பீர்களில் கரியமில வாயு மட்டும் இருக்கும், இதில் நைட்ரஜனும் கலக்கிறார்கள். நைட்ரஜன் திரவத்தில் எளிதில் கரையாது. குமிழிகள் மிகச் சிறியவையாக வந்து மேலே கெட்டியான வெண்ணுரையாகச் சேரும். ஓரத்தில் குமிழிகள் கீழே இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேல்நோக்கி அகலும் கோப்பையின் வடிவம்தான் காரணம் என்று லிமெரிக் பல்கலைக்கழகக் கணித அறிஞர்கள் 2012இல் விளக்கினார்கள்: நடுவில் திரவம் ஏறுகிறது, ஓரத்தில் இறங்கும்போது குமிழிகளையும் இழுத்துக்கொள்கிறது. பார்க்கக் கனமாகத் தெரிந்தாலும் மதுவின் அளவு 4.2 சதவீதம்தான். முழுவதும் படிந்து கறுப்பான பிறகு குடியுங்கள்.

அதே வாசகர்: கின்னஸ் ஸ்டோர்ஹவுஸ் அருங்காட்சியகம் பணத்துக்குத் தகுமா?

முதல்முறை வருபவர்களுக்குத் தகும். ஆர்தர் கின்னஸ் 1759இல் இந்த இடத்தை ஆண்டுக்கு 45 பவுண்டு வீதம் 9000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்; பிறகு நிலத்தை நிறுவனமே வாங்கிவிட்டதால் அந்தக் குத்தகை இப்போது வெறும் காட்சிப்பொருள். உச்சி மாடியின் கண்ணாடி பாரிலிருந்து நகரம் முழுவதும் தெரியும், டிக்கெட்டிலேயே ஒரு பைண்டும் அடக்கம். முன்பதிவு செய்து காலையிலேயே போங்கள்.

வெம்ப்ளி வாசகி: நான் சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் பகட்டான விருந்தையும் எதிர்பார்க்காதீர்கள். சீஸும் வெங்காயமும் வைத்த சூடான சாண்ட்விச், சோடா பிரெட், காய்கறி சூப். சூப் எந்தச் சாற்றில் வைத்தது என்று கேட்டுவிடுங்கள். காலை உணவுத் தட்டில் வரும் கறுப்புப் புட்டிங் பன்றி இரத்தத்தில் செய்தது, வெள்ளைப் புட்டிங்கும் பன்றி இறைச்சிதான். பெயரைப் பார்த்து இனிப்பு என்று எடுத்துவிடாதீர்கள். பப் சமையலறைகள் பல ஒன்பது மணியளவில் மூடிவிடும். முதலில் சாப்பாடு, பிறகு மற்றது.

லூட்டன் வாசகர்: எத்தனை மணி வரை திறந்திருக்கும்? பத்து வயது மகனையும் அழைத்து வரலாமா?

வெள்ளி, சனி இரவு 12.30 வரை, ஞாயிறு 11 வரை, கோப்பையைக் காலி செய்ய மேலும் அரை மணி. தனி அனுமதி பெற்ற இடங்கள் 2.30 வரை போகும். பெற்றோருடன் வரும் சிறுவர்கள் இரவு ஒன்பது வரை இருக்கலாம், மே முதல் செப்டம்பர் வரை பத்து. மூடுகிற நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் டாக்சி தேடுவார்கள் என்பதால் நடக்கும் தூரத்தில் அறை எடுப்பது மேல். புகைபிடிக்க வெளியேதான் போக வேண்டும்; பப்களிலும் புகையைத் தடை செய்த முதல் நாடு இதுதான், 2004 மார்ச்சிலிருந்து.

க்ராய்டன் வாசகி மீண்டும்: ஞாயிறு காலை யாரும் எழுந்திருக்கப் போவதில்லை. விமானம் இரவில். என்ன செய்வது?

பதினொரு மணிக்காவது எழுப்புங்கள். டாரா தெரு நிலையத்தில் டார்ட் ஏறினால் அரை மணியில் ஹோத் என்னும் மீன்பிடித் துறைமுகம். துறைமுகத்தில் சீல் என்னும் கடல்நாய்கள் தலை நீட்டும், பாறை விளிம்புப் பாதையில் நடந்தால் கடற்காற்று முந்தின இரவைத் துடைத்துவிடும். நல்ல காலணி போட்டு வாருங்கள், மழை பெய்தால் பாதை வழுக்கும். வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கினால் கடற்புறாக்களிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஹோத்தும் விமான நிலையமும் நகரின் வடக்கேதான் இருக்கின்றன. பெட்டிகளைக் கையோடு கொண்டுவந்திருந்தால் நகருக்குத் திரும்பாமல் அங்கிருந்தே டாக்சியில் விமான நிலையம் போய்விடலாம். ஏழு பேருக்குப் பெரிய வண்டி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.