பொன்னுத்தம்பியின் ஷூ

அன்புள்ள ஐயா,

என் தம்பி பாரிஸ் பக்கத்தில் சார்செலில் இருக்கிறான். குடியுரிமைக்கு மனுப்போடப் போகிறான். நண்பர்கள் யார், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்றெல்லாம் நேர்காணலில் கேட்பார்களாம். லண்டனில் இருக்கும் மச்சானை யாரும் இப்படிக் குடையவில்லை. ஏன் இந்த வித்தியாசம்? எது நல்ல முறை? நம்மவர்கள் எங்கே போனாலும் கலந்துவிடுகிறோம். அரபுக்காரர்கள் அடம்பிடிப்பதால்தானே பிரான்ஸில் இவ்வளவு கெடுபிடி?

ஆர்., விழுப்புரம்

அன்புள்ள ஆர்.,

அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் இரண்டு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன். விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பஸ் ஏறினால் புதுச்சேரி. இந்தக் கெடுபிடியை நம் ஆட்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே அங்கே அனுபவித்துவிட்டார்கள்.

லண்டன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பிரிட்டிஷ்காரன் ராஜா, ஜமீன்தார், சாதித்தலைவர் என்று இடையில் ஆள் வைத்து ஆண்டவன். உன் வழக்கம் உன்னோடு, வரியை மட்டும் கட்டு என்பது அவன் கணக்கு. சீக்கியச் சிப்பாயைத் தலைப்பாகையோடுதான் போருக்கு அனுப்பினான். 1976-ல் மோட்டார் சைக்கிள் ஓட்டும் சீக்கியருக்கு ஹெல்மெட்டிலிருந்து விலக்குக் கொடுத்தபோது அந்தப் பழைய போர்களும் வாதத்துக்கு வந்தன. இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். 1948-ல் காலனிக்காரர்களுக்குத் திறந்த கதவை 1962, 1968, 1971 என்று மூன்று சட்டம் போட்டுச் சாத்தியதும் அவர்கள்தான். சரி, அது போகட்டும்.

பிரெஞ்சுக்காரன் கணக்கு வேறு. என்னைப் போல ஆகிவிடு, சமமாக நடத்துகிறேன் என்பான். ஆகிவிட்டாயா இல்லையா என்று சொல்லும் உரிமையை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொள்வான். தங்கள் காலனியான அல்ஜீரியாவில் 1865-லேயே இதைச் சட்டமாக்கினார்கள்: முஸ்லிம்கள் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட பிரஜைகள், ஆனால் முழு உரிமையுள்ள குடிமகனாக வேண்டுமென்றால் தங்கள் மதவழிச் சட்டத்தை விட்டுவிட்டு மனுப்போட வேண்டும். மிகச் சிலரே போட்டார்கள்.

புதுச்சேரியில் பொன்னுத்தம்பி பிள்ளை என்று ஒரு வக்கீல். 1873-ல் ஐரோப்பிய பாணியில் ஷூவும் காலுறையும் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார், நீதிபதி வெளியே அனுப்பிவிட்டார். உள்ளூர்க்காரன் வெறுங்காலோடு வருவதுதான் மரியாதையாம்! மனிதர் விடவில்லை, பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள் ஆர். அன்றைக்கு அவர் செய்த குற்றம் பிரெஞ்சுக்காரன் மாதிரி உடுத்தியது. 2004-ல் அரசுப் பள்ளிகளில் முக்காட்டுக்குத் தடை வந்தபோது வாசலில் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளையின் குற்றம் பிரெஞ்சுக்காரி மாதிரி உடுத்தாதது. இரண்டு தடவையும் உடம்பில் எது இருக்கலாம், எது கூடாது என்று முடிவெடுத்தது அதிகார மேஜைக்குப் பின்னால் இருந்தவர்தான்.

1881-ல் ஓர் ஆணை வந்தது. சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கலாம், குடும்பப் பெயர் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும், திரும்பிப் போக முடியாது. பொன்னுத்தம்பி 'லப்போர்த்' ஆனார். இப்படித் துறந்தவர்களுக்குப் பிரெஞ்சில் ரெனோன்சான் என்று பெயர். அவர்களைக் கேலி செய்பவர்களை எனக்குப் பிடிக்காது. துறந்தவர்களில் நிறையப் பேர் கிறித்தவர்கள், ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள். சாதியை விட்டு ஓட ஒரு வாசல் கிடைத்தால் நானும் ஓடியிருப்பேன். ஆனால் 1884-லேயே வாக்காளர் பட்டியலை மூன்றாக வெட்டிவிட்டார்கள்: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவனுக்குத் தனிப் பந்தி.

முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார், இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஜூலை 14 அன்று பழைய கோட்டைத் தேய்த்து மாட்டிக்கொண்டு, மெடல்கள் குலுங்கக் கடற்கரைப் போர் நினைவிடத்துக்குப் போவார். பிளாஸ்டிக் உறையில் ஒரு குடும்பப் பதிவேடு வைத்திருந்தார், அதில் அவருடைய தாத்தா எடுத்துக்கொண்ட பிரெஞ்சுப் பெயர். பாட்டி அந்தப் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, "தே, முருகேசன் அப்பா" என்றுதான் கூப்பிடுவார். அவர் பேரன் பாரிஸில் பிறந்தவன். மெட்ரோவில் போலீஸ் நிறுத்திப் பேப்பர் கேட்டுவிட்டு, சரி, நிஜமாக எந்த ஊர் என்று கேட்கிறார்களாம். அவன் தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சுக்காரன். கேட்ட போலீஸ்காரரின் தாத்தா இத்தாலியிலிருந்து வந்தவராகக்கூட இருக்கலாம்.

கலந்துவிட்டோம் என்கிறீர்களே, அவனைவிடக் கலந்தவன் யார்?

அரபுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். 1958 மே மாதம், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸில் மேடை போட்டு, கூட்டத்துக்கு முன்னால் முஸ்லிம் பெண்களின் முக்காட்டை எடுக்கவைத்தார்கள். அறுபது வருஷம் கழித்து, 2018-ல், குடியுரிமை விழாவில் அதிகாரியோடு கைகுலுக்க மறுத்த அல்ஜீரியப் பெண்ணுக்குக் குடியுரிமை இல்லை என்ற அரசின் முடிவை நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தப் பெண் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், எனக்குமே அந்த மறுப்பு பிடிக்கவில்லை. ஆனால் அல்ஜீரிய வீட்டில் பிறந்த ஒருவர் அந்த நீட்டிய கையை எந்த ஞாபகத்தோடு பார்ப்பார் என்று அந்த மண்டபத்தில் யாருக்காவது தோன்றியிருக்குமா? அடம் என்று நீங்கள் சொல்வதில் பாதி இந்த ஞாபகம்தான். நம்மவர்களின் பணிவைப் பார்த்து அரபுக்காரனுக்குப் பாடம் எடுக்கக் கிளம்பாதீர்கள், அசிங்கமாக இருக்கிறது.

எது நல்ல முறை என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? தெருவில் நிறுத்திப் பேப்பர் கேட்காத முறை.

தம்பிக்கு ஒரு விஷயம். 2026 ஜனவரியிலிருந்து குடியுரிமைக்கு வேண்டிய பிரெஞ்சு மொழித் தகுதியை பி1 என்ற நிலையிலிருந்து அடுத்த மேல்நிலையான பி2-க்கு உயர்த்திவிட்டார்கள், எழுத்துப் பயிற்சியை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். அப்புறம், மனுவோடு பெயரைப் பிரெஞ்சாக்கிக்கொள்ளவும் கேட்கலாம், அது அவரவர் விருப்பம். மனு எழுதித்தருகிறேன் என்று வரும் யாராவது அதைக் கட்டாயம் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.