கிளைம்பிங்கில் பிழைப்பு உண்டா?

(பதில் சொல்பவர்: கடலூர் தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்த 23 வயது பாறையேற்ற வீரர்)

கேள்வி: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 19 வயது டோபி ராபர்ட்ஸ் கிளைம்பிங்கில் தங்கம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து என் 13 வயது மகன் கதவு நிலையைப் பிடித்துத் தொங்குகிறான். விரலால் தொங்கிப் பழக ஒரு பலகை வேண்டுமாம். வாங்கித் தரலாமா? இதில் பிழைப்பு உண்டா?
– ஒரு தாய், நெல்லிக்குப்பம்

பதில்: பலகை இப்போது வேண்டாம், அக்கா. அடிபட்டவன் சொல்கிறேன். 14 வயதில் வீட்டு வாசல் நிலைக்கு மேலே ரீப்பர் கட்டையை ஆணி அடித்து, விரல் நுனி மட்டும் படும்படி தினமும் தொங்கினேன். மூன்றாம் மாதம் நடுவிரலின் நடு மூட்டு வீங்கியது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுபடியும் தொங்கினேன். எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது, எலும்பு வளர்கிற இடத்திலேயே விரிசல். அந்த வயதில் தசை சீக்கிரம் பலமாகிவிடும். வளரும் இடமோ இன்னும் குருத்தெலும்புதான். இழுப்பு அங்கேதான் விழும். ஐந்து மாதம் ஏறிப் பழகும் சுவரைத் தொடவில்லை. வலை இழுத்துக் காய்த்த கையால் அப்பா என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. ரீப்பரைப் பிடுங்கி அடுப்பில் வைத்தார்.

பையன் ஏறட்டும், நிறைய ஏறட்டும். பெரிய பிடிகளில், காலால் உந்தி ஏறப் பழகட்டும். விரல் மூட்டு வலித்தால் அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள்.

பிழைப்பா? பரிசுப் பணத்தில் என் பஸ் செலவே தேறாது. மாதத்தில் பாதி நாள் பெங்களூரில் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறேன், சுவரில் பிடிகளைக் கழற்றி மாற்றி முடுக்குகிறேன். மீதி நாளில்தான் நான் ஏறுவது. ஷூ மட்டும் ஒரு கம்பெனி தருகிறது. பாரிஸிலேயே பாருங்கள், 15 மீட்டர் சுவரை 4.74 விநாடியில் ஏறி உலக சாதனை செய்த சாம் வாட்சனுக்குக் கிடைத்தது வெண்கலம். அதனால் பிளஸ் டூவை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: செஞ்சிக்கோட்டைப் பாறையில் ஏறிப் பழகலாமா?
– கல்லூரி மாணவர், விழுப்புரம்

பதில்: படியில் ஏறுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அந்தக் கருங்கல்லைப் பார்த்தால் எனக்கும் கை துறுதுறுக்கும், என்ன செய்ய! கர்நாடகாவில் இருக்கும் பாதாமிக்குப் போங்கள். அங்கே செம்மணற்கல்லில் கயிறு மாட்ட ஏற்கெனவே போல்ட் அடித்த பாதைகள் இருக்கின்றன. மே மாதத்தில் மட்டும் போகாதீர்கள், கல் சுடும்.