கொரியத் தொடர் பார்த்தால் சர்க்கரை ஏறுமா?

கேள்வி: எனக்கு வயது 47. சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். மகள் வேலைக்காகப் பெங்களூரு சென்ற பிறகு, அவள் பழக்கிவிட்ட கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் தினமும் இரவு கைப்பேசியில் பார்க்கிறேன். பத்து மணிக்குத் தொடங்கினால் படுக்க ஒன்றரை மணியாகிறது. காலை ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். நடுவில் பசித்தால் கொரிய நூடுல்ஸ் ஒரு பாக்கெட் வேகவைத்துக்கொள்வேன். சென்ற மாதப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 114, மூன்று மாதச் சராசரி 6.1, ரத்த அழுத்தம் 138/86. "சீரியல் பார்த்துத்தான் உனக்குச் சுகர் வந்தது" என்கிறார் கணவர். அந்தத் தொடர்களில் மூன்று வேளையும் சோறு சாப்பிட்டும் ஒல்லியாகத்தானே இருக்கிறார்கள்? நானும் அந்த உணவுக்கு மாறலாமா? கிம்ச்சி நல்லதா? தொடர் பார்ப்பதையே விட்டுவிட வேண்டுமா?
— வாசகி, சேலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிடுவோம். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருப்பதும், மூன்று மாதச் சராசரி (HbA1c, சதவீதத்தில்) 5.7 முதல் 6.4 வரை இருப்பதும் சர்க்கரை நோயின் முன்நிலை எனப்படும். ஆகவே உங்களுக்குச் சுகர் வந்துவிட்டது என்று உங்கள் கணவர் சொல்வது இன்றைய தேதிக்குச் சரியல்ல. வாசற்படி வரை வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் உள்ளவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு சென்னையில் நடந்து 2006-இல் வெளியானது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களுக்கு முழுச் சர்க்கரை நோயாக மாறும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்ததை அது காட்டியது. மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய அதே அளவுதான்.

உங்கள் கணவரின் குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொடர் குற்றவாளி அல்ல, ஆனால் அதைப் பார்க்கும் நேரம் நிச்சயமாகக் குற்றவாளிதான். ஒன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும் உங்களுக்குக் கிடைப்பது நான்கு மணி நேரத் தூக்கம். வயது வந்தவருக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறையும்போது உடல் செல்கள் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. போதாததற்கு, இரவு நேரத்தில் சுரக்கும் மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோன் இன்சுலின் சுரப்பைச் சற்று அடக்கி வைப்பதால், மாலை ஏழு மணிக்குச் சாப்பிட்டால் ஒரு அளவு ஏறும் சர்க்கரை, அதே உணவை நள்ளிரவில் சாப்பிடும்போது இன்னும் அதிகமாக ஏறுகிறது.

இங்கே என் நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்லலாம். சிவதாபுரம் பக்கத்திலிருந்து வரும் அந்தப் பெண் வீட்டிலேயே கொலுசுக்குச் சலங்கை பொருத்தும் கூலி வேலை செய்கிறார். எதிரில் ஒரு தண்ணீர்ச் சொம்பு, அதன்மேல் சாய்த்து வைத்த கைப்பேசி, அதில் காலை முதல் மாலை வரை கொரியத் தொடர்; கை வேலையில் இருக்கும், காது கதையில் இருக்கும், யாராவது அழுதால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். கணக்குப் போட்டால் உங்களைவிட இரண்டு மடங்கு நேரம் பார்க்கிறார், ஆனால் ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுகிறார். அவருக்குச் சர்க்கரை இல்லை. ஒருவரை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் 'சீரியலால் சுகர்' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்தச் சொம்பு என் நினைவுக்கு வருகிறது. அவர் என்னிடம் வந்தது கழுத்துவலிக்காக. திரை தரையோடு தரையாக இருந்ததால் நாள் முழுவதும் குனிந்தே இருந்திருக்கிறார். சொம்புக்குப் பதிலாக ஒரு முக்காலி வைக்கச் சொன்னேன். நீங்களும் படுத்துக்கொண்டு கைப்பேசியில் பார்ப்பதை விட்டு, வீட்டுத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து பாருங்கள். திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழாகக் குறைந்து கண் உலர்ந்துவிடும் என்பதால், கண்ணுக்கும் அது நல்லது.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. தொடர் பார்ப்பதால் தூக்கம் போகிறதா, அல்லது தூக்கம் வராததால் தொடர் பார்க்கிறீர்களா? 47 வயதில் மாதவிலக்கு நிற்கும் காலம் நெருங்கும்போது நடு இரவில் திடீரென்று உடல் கொதிப்பதும், வியர்ப்பதும், படுத்தால் உறக்கம் பிடிக்காததும் மிகச் சாதாரணம். மகள் ஊருக்குப் போனபின் வெறிச்சோடிய வீடும் அப்படித்தான் தூக்கத்தைக் கெடுக்கும். இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். கொதிப்பும் வியர்வையும் இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அதற்கு வைத்தியம் இருக்கிறது. மகளை நினைத்துத்தான் என்றால், ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரே அத்தியாயத்தை இருவரும் ஒரே நேரத்தில் போட்டு, போனில் பேசிக்கொண்டே பார்க்கலாம். இதை என் மருந்துச் சீட்டில் எழுத இடமில்லை, ஆனால் எழுதத்தக்கதுதான்.

பார்ப்பதை எங்கே நிறுத்துவது என்பதற்கு அனுபவத்தில் கண்ட ஒரு வழியைச் சொல்கிறேன். இத்தொடர்களில் பலவும் பதினாறு அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். முடிச்சைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டு, அடுத்த அத்தியாயத்தின் முதல் கால் மணி நேரத்தில் அவிழ்ப்பார்கள். ஆகவே அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்துவது மிகக் கடினம். அடுத்ததில் கால் மணி நேரம் ஓடியபின், முடிச்சு அவிழ்ந்து எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கும் காட்சியில் நிறுத்துவது எளிது. நானும் ஒரு தொடரை ஐந்தே இரவுகளில் முடித்துவிட்டு, அந்த வாரம் முழுவதும் கிளினிக்குக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போய் நோயாளிகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றவன்தான். மாலை ஏழரைக்குள் சாப்பாடு, பிறகு மொட்டை மாடியிலோ தெருவிலோ பதினைந்து நிமிட நடை, எட்டேகாலுக்குத் தொடர், ஒன்பதரைக்கு நிறுத்தம், பத்து மணிக்குப் படுக்கை என்று வைத்துக்கொண்டால் ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் தாராளமாக நடக்கும்.

இனி அந்த நூடுல்ஸ். பாக்கெட்டின் பின்புறத்தில் 'சோடியம்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை படியுங்கள். நூறு கிராமுக்கு என்று போட்டிருந்தால் முழுப் பாக்கெட்டின் எடைக்குக் கணக்கிட்டு, வரும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். பல கொரிய வகைகளில் ஒரு பாக்கெட்டுக்கு 1,500 முதல் 1,900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அதாவது ஏறக்குறைய நான்கு முதல் நான்கே முக்கால் கிராம் உப்பு. ஒருவர் ஒரு நாள் முழுவதற்கும் ஐந்து கிராமுக்குள் உப்பைச் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காலைச் சட்னி, மதியச் சாம்பார், அப்பளம், ஊறுகாய் எல்லாம் முடிந்தபின், நள்ளிரவில் இன்னொரு முழு நாளின் உப்பை நீங்கள் குடித்துவிட்டுப் படுக்கிறீர்கள். 138/86 எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் தேடத் தொடங்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலான வகைகள் எண்ணெயில் பொரித்து உலர்த்திய மைதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்றாவது ஒருநாள் ஆசைக்கு என்றால் மாலையில், மசாலாப் பொடியில் பாதியை மட்டும் போட்டு, முட்டையும் ஒரு கைப்பிடிக் கீரையும் சேர்த்து, சாற்றைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

தொடர்களில் நூடுல்ஸ் வரும் காட்சிகளில் பலவும் விளம்பரத்துக்காகவே வைக்கப்படுபவை. அவற்றை விட்டுவிட்டு, குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் காட்சியை நிறுத்தி வைத்துப் பாருங்கள். மூடி போட்ட சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு. பக்கத்தில் சூடான சாறு. நடுவில் வெந்நீரில் போட்டெடுத்துப் பூண்டும் எள்ளெண்ணெயும் கலந்த கீரை, முளைகட்டிய பயறு, வாட்டிய மீன், முட்டை, சோயா பனீர் போன்ற தோஃபு. அந்தச் சோற்றுக் கிண்ணத்தில் சுமார் 200 கிராம் சோறு பிடிக்கும். 1970-களில் அரிசியை மிச்சப்படுத்துவதற்காக உணவகங்களில் கிண்ணத்தின் அளவையே அங்கே அரசு வரையறுத்தது. நம் ஊரில் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு இலையில் முதல் முறை விழும் சோறே அதைவிட அதிகம். அப்புறம் ரசத்துக்கு, அதற்குப்பின் மோருக்கு. எவர்சில்வர் தகடு உருட்டும் ஆலையைக் கொண்ட ஊர்க்காரர்களாகிய நமக்கு ஒரு சின்னக் கிண்ணம் கிடைப்பது கஷ்டமில்லை. அதில் ஒருமுறை சோற்றை அளந்து தட்டில் கவிழ்த்துப் பாருங்கள், நீங்கள் வழக்கமாகப் போட்டுக்கொள்வதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

ஆகவே 'அவர்கள் சோறு சாப்பிட்டும் ஒல்லி' என்ற உங்கள் கேள்விக்கு விடையில் ஒரு பகுதி கிண்ணத்தின் அளவில் இருக்கிறது. மறுபகுதி, நீங்கள் பார்ப்பவர்கள் நடிகர்கள் என்பதில் இருக்கிறது. மெலிந்திருப்பதே அவர்களுடைய தொழில். அந்த நாட்டிலும் சர்க்கரை நோயாளிகள் ஏராளமாக இருக்கிறார்கள்.

கிம்ச்சியைப் பொறுத்தவரை, அது புளிக்க வைத்த முட்டைக்கோஸ். நார்ச்சத்தும், புளிப்பால் உண்டாகும் நல்ல நுண்ணுயிர்களும் அதில் உண்டு. நூறு கிராமில் ஒன்றரை கிராம் அளவுக்கு உப்பும் உண்டு. நம் மாங்காய் ஊறுகாயில் இதைவிடப் பல மடங்கு உப்பு இருப்பதால், ஊறுகாய்க்குப் பதிலாக இரண்டு கரண்டி கிம்ச்சி வைத்துக்கொண்டால் நட்டமில்லை. ஊறுகாயும் வேண்டும், கிம்ச்சியும் வேண்டும் என்றால் நட்டம். அங்கே அதைக் காய்கறியாகவே நிறையச் சாப்பிடுகிறார்கள். தென் கொரியாவில் வயிற்றுப் புற்றுநோய் அதிகம். அதற்கு ஒருவகைப் பாக்டீரியாவோடு உப்பு மிகுந்த உணவுப் பழக்கமும் காரணமாகக் கருதப்படுகிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வயிற்றுப் பரிசோதனையை அந்நாடு அரசுத் திட்டமாகவே நடத்துகிறது. வீட்டில் செய்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: அது பனிக்காலத்து நாட்டின் பண்டம். சேலத்துச் சித்திரை வெயிலில் அடுப்படியில் வைத்தால் இட்லி மாவைப்போல ஒரே நாளில் பொங்கிவிடும். மறுநாளே குளிர்பெட்டிக்குப் போக வேண்டும்.

உண்மையில் நீங்கள் புதிய உணவுக்கு மாற வேண்டிய அவசியமே இல்லை. கொள்ளு ரசம், கடைந்த பச்சைப்பயறு, கீரைக் கடைசல், ஒரு பொரியல், கிண்ணம் அளவு சோறு, நீர்மோர் என்று ஒரு சேலத்து வீட்டுச் சாப்பாட்டை வைத்துப் பாருங்கள். கொரியக் குடும்பத்தின் மேசையில் நீங்கள் ரசித்த அதே அமைப்பு அதில் இருக்கும். காலையில் அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்கு நடந்தே போய் வந்தால் அன்றைய நடையும் முடிந்துவிடும். முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றை கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. செலவில்லாத இந்த மாற்றத்தை இன்றே தொடங்கலாம்.

சில எச்சரிக்கைகள் மட்டும். ராகி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். களியும் மாவுச்சத்துதான், மாவைக் கரைத்துக் காய்ச்சிய கூழ் களியைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். ஜவ்வரிசி நம் ஊரின் பெருமை என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை, ஆனால் அது மரவள்ளிக் கிழங்கின் தனி மாவுச்சத்து. விரத நாளில் ஜவ்வரிசி உப்புமா மட்டும் சாப்பிடுவது உங்களுக்கு விரதமாகாது. தட்டுவடை செட் வாரத்துக்கு ஒன்று போதும். அதில் துருவிப் போடும் பீட்ரூட்டையும் கேரட்டையும் நான் குறை சொல்லவில்லை. மேலும் கீழும் இருக்கும் தட்டுவடையைத்தான் சொல்கிறேன்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியவை. இரண்டு வாரத்தில் நான்கைந்து நாள் காலையில், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் தூங்கி எழுந்த காலையில் எடுத்த ஓர் அளவை மட்டும் வைத்து மாத்திரை தொடங்க நான் விரும்ப மாட்டேன். தைராய்டு, ரத்தச் சோகை, கொழுப்பு, சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். இரவில் பலமாகக் குறட்டை விடுவதாகவோ மூச்சு நின்று நின்று வருவதாகவோ கணவர் சொன்னால் அதையும் உங்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை தெரிந்தால் காத்திருக்காமல் உடனே சர்க்கரையைப் பாருங்கள். இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து மூன்று மாதச் சராசரியை மறுபடி எடுத்தால் போதும். அதுவரை ஒரு நோட்டில் தினமும் படுத்த நேரம், எழுந்த நேரம், எத்தனை அத்தியாயம் என்று மூன்றே எண்களை எழுதி வாருங்கள். புதிய ரிப்போர்ட்டோடு அந்த நோட்டையும் மருத்துவர் மேசையில் வையுங்கள், கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.